கனடால முதல் வின்டர், தூங்கற மிருகங்கள போட்டோ எடுக்க முடியுமாங்க?

பொள்ளாச்சிக்காரன் | ஜனவரி 9, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம்ங்க. போன ஆகஸ்ட்லதான் இங்க வந்தேன், ஒன்டாரியோல பேரி பக்கத்துல வேலை. ஊர்ல இருந்த வரைக்கும் சனிக்கிழமை விடிஞ்சா ஆழியார் செக்போஸ்ட் தாண்டி வால்பாறை ஏறிடுவேன், சிங்கவால் குரங்கு, இருவாச்சி, வரையாடுனு பதினோரு வருசமா எடுத்துட்டு இருக்கேன், அதனால கேமரா புதுசில்ல, பனிதான் புதுசு.

இங்க வந்த புதுசுல வீட்டுக்குப் பின்னாடி ஒரு சிப்மங்க் ஓடிட்டே இருக்கும். முதுகுல கோட்டப் பாத்துட்டு ராமர் இவ்வளவு தூரமா வந்துட்டுப் போனாருனு நெனச்சேன். அக்டோபர் பூரா கன்னம் ரெண்டும் உப்பிப் போய் எதையோ அடைச்சுட்டு ஓடுச்சு, நவம்பர்ல ஆளக் காணோம். ஆபீஸ்ல கேட்டா தூங்கப் போயிடுச்சுங்கறாங்க. கரடி தூங்குதாம், வௌவால் தூங்குதாம், தவளை கூட தூங்குதாம். காலைல ஜன்னலத் தொறந்தா ஒரு சத்தம் இல்ல, நம்மூர்ல விடியக்காலைல கூட எங்கயாவது ஒரு பம்புசெட்டாவது ஓடும், இங்க காதுக்குள்ள பஞ்சு வச்ச மாதிரி இருக்குங்க. எனக்கு இந்தத் தூக்கத்தத்தான் எடுக்கணும்னு ஒரே ஆசை. அந்த அமைதியும் படத்துல வரணும்.

ஒரு வாட்ஸ்ஆப் குரூப்ல ஒருத்தர் கரடி குகை ஒண்ணு தெரியும், கூட்டிட்டுப் போறேன், ஆளுக்கு 150 டாலர்ங்கறார். நல்லா தூங்கிட்டு இருக்கும், ஒண்ணும் பண்ணாது, வாசல்ல உக்காந்து நிதானமா எடுக்கலாம்ங்கறார். போலாமுங்களா? வேற என்னதான் எடுக்கலாம் இந்தக் குளிருல? இதுவரைக்கும் எடுத்த பனி எல்லாம் சாம்பல் கலர்ல, சிமெண்ட் மூட்டை கொட்டுன மாதிரி வருது. பேட்டரி இருபது நிமிசத்துல செத்துடுது. போன ஞாயித்துக்கிழமை வெளிய இருந்து உள்ள வந்ததும் லென்ஸ் முழுக்க வேர்த்து, உள்பக்கமும் மூடாக்கு போட்டு ஒரு நாள் முழுக்க போகல, பயந்துட்டேன்.

150-600 லென்ஸ் ஒண்ணும் 100 மேக்ரோ ஒண்ணும் இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்காபரோ பெரிசு | ஜனவரி 10, காலை 6:15

தம்பி, முதல்ல அந்த 150 டொலரைப் பொக்கற்றுக்குள்ளயே வைச்சிருங்கோ. கரடியைப் பற்றி படிச்ச பிள்ளையள் ஆரும் வந்து விளங்கப்படுத்துவினம், நான் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

நான் இஞ்ச 91இல வந்தனான். முதல் வின்ரர் ஒரு ஃபக்ரரியில நைற் ஷிஃப்ற், வேலை முடிஞ்சு பஸ்சுக்கு நிக்கேக்க லைற் கம்பத்துக்குக் கீழ சினோ கொட்டிக்கொண்டிருக்குது, சத்தமே இல்லை. ஊரில மழை வந்தால் தகரத்தில அடிச்சுச் சொல்லிப்போட்டுத்தானே வரும், இது கள்ளன் மாதிரி வருது எண்டு நினைச்சன். புதுச் சினோவுக்குள்ள காத்து கனக்க இருக்கிறதால அது சத்தத்தை உறிஞ்சிப்போடும் எண்டு பேந்துதான் அறிஞ்சனான். கமரா வாங்கினது அதுக்குப் பிறகு பத்து வருசம் கழிச்சு. இப்ப பென்சன், மனுசி திட்டத் திட்ட விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிடுறன்.

நீங்கள் தூங்கிற மிருகத்தை எடுக்க வேணுமெண்டு கேக்கிறியள். நான் சொல்லுறன், அது விடுற மூச்சை எடுங்கோ. பீவர் வீடு பார்த்திருக்கிறியளோ? பீவர் உண்மையில நித்திரை கொள்ளுற சாதி இல்லை, ஐஸுக்குக் கீழால நீந்திப் போய் சேர்த்து வைச்ச கொப்புகளைத் திண்டுகொண்டு வீட்டுக்குள்ளயே கிடக்கும். குளத்துக்கு நடுவில தடியும் சேறும் குவிச்சுக் கட்டின குடில், அதுக்கு மேல சினோ மூடி, தூரத்தில பார்த்தால் வெறும் மேடு. ஆனால் மைனஸ் 20க்குக் கீழ போற விடியப்புறத்தில அந்த மேட்டின்ர உச்சியைப் பாருங்கோ. ஒரு கையளவு இடத்தில சினோ இராது, தடியெல்லாம் ஊசி ஊசியா உறைபனி பிடிச்சிருக்கும், அதுக்குள்ளால மெல்லிசா ஆவி எழும்பும். புட்டுக்குழல் வாயில முதல் ஆவி வாற மாதிரி, அவ்வளவுதான், கூட இல்லை. உள்ளுக்கு ஒரு குடும்பமே ஒண்டை ஒண்டு அணைச்சுக்கொண்டு கிடந்து விடுற மூச்சு அது.

அதை எடுக்கிறதுக்கு சூரியன் எழும்பி முதல் அரை மணித்தியாலம்தான். வெயில் எதிர்ப்பக்கத்தில இருந்து வரவேணும், ஆவிக்குப் பின்னால கறுத்த ஸ்ப்ரூஸ் மரம் இருக்க வேணும், வெள்ளை வானத்துக்கு முன்னால ஆவி தெரியவே தெரியாது. உங்கட 600இல கரையில நிண்டு எடுங்கோ.

கரையில எண்டு ஏன் சொல்லுறன் எண்டால், நான் ஒருக்கா கிட்டப் போனனான். சுத்தி எல்லாம் நல்ல தடிச்ச ஐஸ், ஆக்கள் மீன் பிடிக்கினம், அப்ப எனக்கென்ன எண்டு போறன், வீட்டுக்கு ஒரு பத்தடி கிடக்கேக்க வலது கால் முழங்கால் மட்டும் உள்ள. பீவர் போய்வந்து நீந்துற தண்ணி அசைஞ்சுகொண்டே இருக்கும், அது விடுற காத்துக் குமிழியும் கீழ போய் ஒட்டும், அதால அந்த வீட்டைச் சுத்தி ஐஸ் எப்பவும் மெல்லிசு. மற்ற இடத்தில நடக்கிறதெண்டாலும் ரெட் குறொஸ் சொல்லுறது 15 சென்ரிமீற்றர். கார் வரைக்கும் நடந்து வர, சப்பாத்து கல்லு மாதிரி விறைச்சுப் போச்சு. மனுசிக்கு இண்டுவரைக்கும் சொல்லேல்லை.

தாமிரபரணி | ஜனவரி 10, பிற்பகல் 1:30

பெரியவர் சொன்ன ஆவி ஐடியா ரொம்ப அழகு, அதுக்கு மேல நான் என்ன சொல்ல. நான் ஒட்டாவால விலங்கியல் படிக்கேன், அதனால கரடி விஷயத்த மட்டும் கொஞ்சம் நீளமா சொல்லிடுதேன்.

“நல்லா தூங்கிட்டு இருக்கும்”ங்கறதே தப்பு. கிரவுண்ட்ஹாக்னு வளைல இருக்கற பெரிய அணில் சாதி ஒண்ணு, அது மாதிரி ஆட்கள்தான் கட்டை மாதிரி கிடக்கறது, உடம்புச் சூடு நாலஞ்சு டிகிரிக்கு இறங்கிரும், இதயம் நிமிசத்துக்கு அஞ்சோ பத்தோ தடவதான் அடிக்கும், தொட்டா ஃப்ரிட்ஜ்ல வச்ச மாதிரி இருக்கும். கருங்கரடி அப்படி இல்ல. மாசக்கணக்கா சாப்பிடாது, தண்ணி குடிக்காது, ஒண்ணுக்கு கூட போகாது, ஆனா உடம்புச் சூடு ஒரு அஞ்சாறு டிகிரிதான் குறையும். அதனாலதான் தேவைன்னா சீக்கிரம் முழிச்சுக்கும். நீங்க வாசல்ல ட்ரைபாட் விரிக்கறது அதுக்குத் தெரியும்.

அத விடப் பெரிய விஷயம், இது ஜனவரி. பெண் கரடி குட்டி போடுத மாசம். குட்டி பிறக்கும்போது அரைக் கிலோ கூட இருக்காது, கண்ணு தொறந்திருக்காது, உடம்புல முடி சரியா இருக்காது, அம்மா மேல ஒட்டிக்கிட்டு இருந்தாத்தான் உயிர். ஆள் வந்து பயந்து அம்மா எந்திச்சு ஓடிட்டா, வெளிய மைனஸ் 20, அந்தக் குட்டிக்கு எத்தன நேரம் இருக்குன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. கடிச்சிருமோன்னு நாம பயப்படுதோம், ஆனா பெரும்பாலும் நடக்கறது இதுதான், அது குகைய விட்டுட்டுப் போயிரும். ஒன்டாரியோ சட்டத்துலயே குகைக்குள்ள இருக்கற கருங்கரடியத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு தெளிவா இருக்கு, அந்த 150 டாலர் ஆளுக்கு அது தெரியாம இருக்காது.

உங்க சிப்மங்க் கதை வேற. அது கொழுப்பு சேக்கறதில்ல, கொட்டைதான் சேக்கும். கன்னத்துல அடைச்சுட்டு ஓடுனது அதுதான். சில நாள் தூங்கும், எந்திச்சு பக்கத்து அறைல போய் சாப்பிடும், மறுபடி தூங்கும், நம்ம ஹாஸ்டல் பிள்ளைங்க ஸ்டடி லீவ்ல பண்ணுத மாதிரி. அதனால வெயிலடிக்கற ஒரு நாள் திடீர்னு வெளிய தலைய நீட்டுனாலும் நீட்டும். உங்க தோட்டத்துல ரெண்டு விரல் மூணு விரல் அகலத்துல ஒரு ஓட்டை, சுத்தி மண்ணு எதுவும் குவிஞ்சிருக்காம துப்புரவா இருக்கும், அத இப்பவே பாத்து வச்சுக்கோங்க. தோண்டாதீங்க!

தவளை உங்களுக்குப் பிடிக்கும். இங்க வுட் ஃப்ராக்னு ஒண்ணு, காட்டுல சருகுக்கு அடியில படுத்து அப்படியே உறைஞ்சு போயிரும். நெசமாவே உறையும், உடம்புத் தண்ணில மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் ஐஸ், இதயம் நின்னுரும், மூச்சு கிடையாது. செல்லுக்குள்ள சர்க்கரைய ஏத்தி வச்சுக்கறதால உள்ள உடையாம தப்பிக்கும். எங்க ஊர் கார்ல்டன் யுனிவர்சிட்டில கென் ஸ்டோரினு ஒரு பேராசிரியர் இத பல வருசமா ஆராய்ச்சி பண்ணவர். அதப் படம் எடுக்கணும்னா சருகக் கிளறணும், கிளறுனா மேல இருக்கற பனிப் போர்வை போச்சு, அதனால வேண்டாம். ஏப்ரல்ல குட்டை ஓரம் ஐஸ் கரையும்போது போங்க, வாத்து கத்துத மாதிரி சத்தம் கேக்கும், அது வாத்து இல்ல, இவங்கதான்.

வௌவால் பத்தி யாராச்சும் கேப்பீங்கன்னு தெரியும், அதுக்கு ராத்திரி வாரேன், லேப்ல கூப்பிடுதாங்க.

கானகன் 905 | ஜனவரி 10, மாலை 5:05

எல்லாரும் கொஞ்சம் ஓவரா போறீங்கனு தோணுது. ஹைவேல தினம் எத்தன மான், ரக்கூன் அடிபட்டுச் சாகுது, அதப் பத்தி யாரும் பேசறதில்ல, ஒருத்தன் ஆசையா ஒரு போட்டோ எடுக்கறேன்னா மட்டும் பாடம் நடத்துறோம். இப்ப வர்ற கேமரால சைலன்ட் ஷட்டர் இருக்கு, ஃப்ளாஷ் போடத் தேவையில்ல, 600ல தூரத்துல இருந்து எடுத்தா கரடிக்கு என்ன தெரியப் போகுது? இல்லனா தானா படம் எடுக்கற ட்ரெயில் கேமரா ஒண்ண மரத்துல கட்டிட்டு வந்துடுங்க, வேலை முடிஞ்சது.

தாமிரபரணி | ஜனவரி 10, இரவு 9:20

கானகன், ரோட்டுல அடிபடறது கொடுமைதான், அதுல சண்டை இல்ல. ஆனா ஷட்டர் சத்தமா பிரச்சினை? மைனஸ் 15ல பனில நடந்து பாத்திருப்பீங்கள்லா, ஒவ்வொரு அடிக்கும் அப்பளம் நொறுங்குத மாதிரி சத்தம் வரும். அதுக்கு மேல உங்க வாசனை. அப்புறம் நீங்க மிதிச்சு மிதிச்சு போட்ட தடம் இருக்கே, அது கெட்டியான பாதை, ஆழமான பனில கஷ்டப்படற கயோட்டிக்கு, அதான் இங்க இருக்கற குட்டி ஓநாய்க்கு, நீங்களே ரோடு போட்டுக் கொடுத்த மாதிரி. ட்ரெயில் கேமரா கட்டவும் நீங்க அங்க போய்த்தான ஆகணும், பேட்டரி மாத்த திரும்பவும் போகணும்.

வௌவாலுக்கு வாரேன். குட்டி பிரவுன் வௌவால், எடை எட்டு ஒம்போது கிராம், நம்ம பத்து ரூபா காயினுக்கு மேல கொஞ்சம். அதுக்குள்ள ஆறு மாசத்துக்கான கொழுப்பு சேத்து வச்சிருக்கும். இயல்பாவே ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவ முழிக்கும், அப்படி ஒரு தடவ உடம்பச் சூடாக்கி எந்திரிக்கறதுக்கு ஆகற கொழுப்பு, தூங்கிட்டே இருந்தா பல வாரத்துக்கு வரும். நீங்க டார்ச் அடிச்சு ஒரு தடவ எழுப்புனா அந்தக் கணக்குல இருந்துதான் போகும். அன்னைக்கு ஒண்ணும் ஆகாது, பறந்து போய் வேற மூலைல தொங்கும், நமக்கும் நல்ல படம் கிடைச்ச திருப்தி. மார்ச்ல பூச்சி வரதுக்கு முன்னாடி கொழுப்பு தீந்து போய் அது சாகும்போது நாம அங்க இருக்க மாட்டோம்.

ஆனா ஒரு போட்டோவோட கதையும் சொல்லணும். 2006 பிப்ரவரில நியூயார்க் மாநிலத்துல ஹோவ்ஸ் கேவ்ங்கற ஊர்ல, குகைக்குள்ள போற பழக்கம் உள்ள ஒருத்தர் தூங்கற வௌவால்கள படம் எடுத்தார். மூக்கு மேல மாவு பூசுன மாதிரி வெள்ளையா இருந்துச்சு. வட அமெரிக்கால ஒயிட் நோஸ் நோய்க்குக் கிடைச்ச முதல் சாட்சி அந்தப் படம்தான். ஒரு பூஞ்சை. அது தோல்ல வளந்து அடிக்கடி முழிக்க வைக்குது, முழிச்சு முழிச்சே கொழுப்பு தீந்து செத்துப் போகுது. லட்சக்கணக்குல போச்சு. ஒன்டாரியோவுக்கு 2010ல வந்துச்சு, 2014ல கனடா அரசாங்கம் குட்டி பிரவுன் வௌவால அழியற இனம்னு பட்டியல்ல சேத்தாங்க. பூஞ்சை வித்து நம்ம பூட்ஸ்லயும் பைலயும் ஒட்டிக்கிட்டு அடுத்த குகைக்குப் போகும். அதனாலதான் பல குகைய மூடி வச்சிருக்காங்க, பூட்டிருக்கேன்னு சுத்தி வளைச்சு உள்ள போகாதீங்க.

ஸ்காபரோ பெரிசு | ஜனவரி 10, இரவு 9:48

கும்பகர்ணனை மேளமும் கொம்பும் ஊதி எழுப்பினது அவனைச் சாகிறதுக்கு அனுப்பத்தானே. பிள்ளை சொல்லுறது சரி.

லெஸ்டர் மழை | ஜனவரி 11, காலை 4:10

இங்கிலாந்துல இருந்து எழுதறேன், இங்க பனியே ஒழுங்கா விழாது, சேறுதான், அதனால உங்கள பாத்தா பொறாமையா இருக்கு.

வௌவால் பத்திப் பேசுனதால சொல்றேன், இங்க 1981 சட்டப்படி வௌவால் தங்கற இடத்துல போய் தொந்தரவு பண்ணவே கூடாது, தூங்கற வௌவால படம் எடுக்கணும்னா லைசன்ஸ் வேணும். ஜனவரி, பிப்ரவரில லைசன்ஸ் உள்ளவங்க பழைய சுரங்கத்துல எண்ணிக்கை எடுப்பாங்க, நான் வருசத்துக்கு ஒரு நாள் அவங்க கூட நோட்டுப் புத்தகம் தூக்கிட்டுப் போவேன். பேச்சே கிடையாது, விரலக் காட்டி எண்றதுதான், ஒரு வௌவால் மேல வெளிச்சம் நாலு செகண்டுக்கு மேல நிக்காது. கேமரா வண்டியிலயே இருக்கும். முதல் வருசம் கை துறுதுறுனு இருந்துச்சு, இப்ப பழகிடுச்சு.

மேக்ரோ வச்சிருக்கீங்கல்ல, பூச்சிய ஏன் விடறீங்க? ஹெரால்ட்னு ஒரு அந்துப்பூச்சி, உங்க ஊர்லயும் உண்டு, பெரிய பூச்சியாவே குளிர்காலத்த ஓட்டும். ஈரமான குகை, பழைய நிலவறை மாதிரி இடத்துல சுவத்துல ஒட்டிட்டு இருக்கும். எங்க வீட்டு நிலவறைல ரெண்டு வருசம் முன்னாடி ஒண்ணு இருந்துச்சு. காய்ஞ்ச இலை ஓரம் கிழிஞ்ச மாதிரி இறக்கை, நடுவுல ஆரஞ்சு கலர்ல தணல் மாதிரி ரெண்டு தீத்தல். விடியக்காலைல பாத்தா உடம்பு முழுக்க தண்ணி முத்து, ஒவ்வொரு முடி நுனியிலயும் ஒண்ணு, மீசைல வரிசையா ஏழு. அது அசையவே இல்ல, பூச்சி இருக்கறது தெரியாம சுவரு வேர்க்கிற மாதிரியே அது மேலயும் வேர்த்திருக்கு. ஒரு சின்ன டார்ச்சுக்கு டிஷ்யூ பேப்பர் சுத்தி பக்கவாட்டுல வச்சு, ட்ரைபாட்ல ஒரு செகண்ட் ஷட்டர்ல ஆறே ஆறு படம், அப்புறம் கதவச் சாத்திட்டேன். ஏப்ரல்ல பாத்தப்போ சுவத்துல இல்ல.

டார்ச்ச ரொம்ப நேரம் கிட்ட வைக்காதீங்க, அந்தச் சூடே போதும் எழுப்ப. இங்க தோட்டத்து ஷெட்டுல மயில் பட்டாம்பூச்சி தூங்கும், கைய கிட்ட கொண்டு போனா இறக்கைய டப்புனு விரிச்சு நாலு கண்ணையும் காட்டி உஸ்ஸுனு சத்தம் போடும். பட்டாம்பூச்சி சீறி நான் பின்னால விழுந்தது அன்னைக்குத்தான்.

எட்மன்டன் குளிரு | ஜனவரி 11, இரவு 11:55

கேமரா கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன். இங்க மைனஸ் 30 சாதாரணம்.

பனி சாம்பலா வர்றது உங்க தப்பில்ல, கேமராவுக்கு எதப் பாத்தாலும் நடுவாந்திரமா ஆக்கணும்னு புத்தி, வெள்ளையப் பாத்தா இருட்டாக்கிடும். எக்ஸ்போஷர ஒரு ஸ்டாப்ல இருந்து ஒண்ணேமுக்கால் வரைக்கும் ஏத்துங்க, வெயில் நல்லா இருந்தா கொஞ்சம் பாத்து ஏத்துங்க, ஸ்க்ரீன நம்பாதீங்க, வெளிய கண்ணு கூசறப்போ ஸ்க்ரீன் எப்பவும் பொய் சொல்லும், ஹிஸ்டோகிராம்னு வெளிச்சத்தக் காட்டற வரைபடம் இருக்கும்ல, அது வலது பக்கம் போய் சுவத்த இடிக்காம நிக்கணும், அவ்வளவுதான். நிழல் நீலமா வரும், அத மாத்தி வெள்ளையாக்கணும்னு உக்காராதீங்க, வெயில் பட்ட இடம் லேசா மஞ்சளும் நிழல் நீலமும் இருந்தாத்தான் குளிரே தெரியும்.

பேட்டரி சாகறதில்ல, குளிருல மயங்கும். மூணு வச்சுக்கோங்க, ரெண்டு சட்டைக்குள்ள உடம்பு ஒட்டுன பாக்கெட்ல, ஒண்ணு கேமரால, மயங்குனத எடுத்து உள்ள வச்சா கொஞ்ச நேரத்துல பாதி உசுரு திரும்ப வரும். வெளிய இருந்து வரும்போது, வெளிய இருக்கும்போதே கேமராவ ஜிப் பைல போட்டு காத்தப் பிதுக்கி மூடி, அத பேக்குக்குள்ள வச்சு, வீட்டுக்குள்ள வந்து ரெண்டு மணி நேரம் தொடவே தொடாதீங்க. வேர்க்கறது பை மேல வேர்க்கும், லென்ஸ் மேல வேர்க்காது. மெமரி கார்ட மட்டும் வெளியவே கழட்டிக்கோங்க, இல்லனா படம் பாக்கற அவசரத்துல பையத் தொறந்துடுவீங்க, நான் தொறந்திருக்கேன். சூடான காருக்குள்ள இருந்து ஜன்னல இறக்கி எடுக்கறதும் வேலைக்காகாது, உள்ள சூடும் வெளிய குளிரும் கலந்து தார் ரோட்டு மேல வெயில் ஆடற மாதிரி ஆடும், ஃபோகஸ் எங்கயும் நிக்காது, புது லென்ஸ மாத்தப் போனவங்கள பாத்திருக்கேன். ஹீட்டர ஆஃப் பண்ணிட்டு பத்து நிமிசம் குளிருங்க.

அமைதி படத்துல வரணும்னு கேட்டீங்களே, அதுக்கு நான் பழகுன வழி, தடம். பனிக்கு அடியில தரையை ஒட்டி ஒரு சின்ன இடைவெளி இருக்கும், வெளிய மைனஸ் 25ன்னா அங்க பூஜ்யத்த ஒட்டித்தான் இருக்கும், எலி, எலி மாதிரியே இருக்கற வோல் எல்லாம் அங்கதான் குளிர்காலம் பூரா சுரங்கம் போட்டு வாழுது. எப்பவாச்சும் மேல வந்து ஓடும். போன வருசம் ஒரு காலைல ஒரு எலித் தடத்தப் பாத்துட்டே போனேன், தையல் மெஷின் போட்ட மாதிரி ரெண்டு ரெண்டு புள்ளி, நடுவுல வால் இழுத்த கோடு, வயல்வெளில நேரா போயிட்டே இருந்துச்சு, டக்குனு நின்னுடுச்சு. ஓட்டை இல்ல, திரும்புன தடமும் இல்ல. அந்த இடத்துல ஒரு குழி, ரெண்டு பக்கமும் விசிறி விரிச்ச மாதிரி இறகு தடம், ஒவ்வொரு இறகும் தனித்தனியா எண்ணலாம். ஆந்தை. ராத்திரி எப்பவோ நடந்து முடிஞ்சிருக்கு. படத்துல ஒரு உயிர் கூட இல்ல, ஆனா நான் எடுத்ததுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச படம் அதுதான். இத எல்லாம் மத்தியானம் போய் எடுத்தா ஒண்ணும் தெரியாது, சூரியன் தரைய உரசிட்டு இருக்கணும், பக்கவாட்டு வெளிச்சத்துலதான் குழி குழியா தெரியும்.

ட்ரைபாட் கால முழுசா விரிச்சு பனில அமுக்காதீங்க, கிழிச்சுட்டு விரிஞ்சு கால் ஒடிஞ்சுடும், பாதி விரிச்சு அமுக்கினா அது தானா விரிஞ்சு நிக்கும்.

தாமிரபரணி | ஜனவரி 12, காலை 8:02

இன்னொண்ணு மறந்துட்டேன், இது உங்க மேக்ரோவுக்கு. ரோட்டோரம், காலி மனை எல்லாத்துலயும் கோல்டன்ராட் செடி காய்ஞ்சு நிக்கும். சிலதுல தண்டு நடுவுல ஒரு கோலி குண்டு முழுங்குன மாதிரி உருண்டையா வீங்கியிருக்கும். அதுக்குள்ள ஒரு ஈயோட புழு குளிர்காலம் பூரா தூங்குது. உறைஞ்சாலும் சாகாது. இலையுதிர் காலத்துலயே வெளிய வர வழிய குடைஞ்சு, கடைசி தோல மட்டும் விட்டு வச்சிருக்கும், ஏன்னா வசந்தத்துல ஈயா மாறுன பிறகு அதுக்குக் கடிக்க வாய் இருக்காது. டவுனி மரங்கொத்தி வந்து அழகா சின்ன ஓட்டை போட்டு புழுவ எடுக்கும், சிக்கடிங்கற சின்னக் குருவி வந்தா பிச்சுப் போட்ட மாதிரி பெருசா கிழிச்சிருக்கும். ஓட்டையப் பாத்தே யாரு வந்துட்டுப் போனான்னு சொல்லலாம். யாரையும் எழுப்ப வேண்டாம், பெட்ரோல் பங்க் பக்கத்துலயே கிடைக்கும்.

பொள்ளாச்சிக்காரன் | பிப்ரவரி 22, இரவு 8:30

ஒரு மாசமா பதில் போடாததுக்கு மன்னிச்சுக்கங்க, எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் இருந்தேன்.

கரடிக்குப் போகலைங்க. அந்த ஆள்கிட்ட போன் பண்ணி குட்டி இருக்குமாண்ணா இப்பனு சும்மா கேட்டேன், “அதுதானே தம்பி ஸ்பெஷல்”னார். போன வச்சுட்டேன். அந்த 150 டாலருக்கு நல்ல கையுறை ஒரு ஜோடி, இன்னொரு பேட்டரி, மீதிக்கு அல்கோன்குயின் பார்க்குக்குப் பெட்ரோல் ஆச்சு.

அல்கோன்குயின்ல ஹைவே 60ல ஸ்ப்ரூஸ் பாக்னு பலகைல நடந்து போற பாதை, விசிட்டர் சென்டருக்குக் கொஞ்சம் முன்னாடி. காலைல ஏழரைக்கு நான் மட்டும்தான். கனடா ஜேங்கற பறவை ஒண்ணு வந்து என் லென்ஸ் ஹூட் மேலயே உக்காந்து என்னையே பாக்குது, 600ல எப்படி எடுப்பேன், மூக்கு மேல உக்காந்தவனத்தான் எடுக்க முடியல! அது தூங்காம எப்படி சமாளிக்குதுனு அங்க போர்டுல படிச்சேன், முன்னாடியே எச்சில்ல உருட்டி மரப்பட்டை இடுக்குல ஒட்டி வச்ச தீனிதானாமுங்க, அத வச்சு மார்ச்சுல பனிக்குள்ளயே முட்டையிட்டு அடைகாக்குமாம்.

பீவர் வீடு மூணு பாத்தேன், ரெண்டுல ஆவி இல்ல, மைனஸ் 11தான் இருந்துச்சு அன்னைக்கு. மூணாவதுல தடி நுனில ஊசி பனி மட்டும் கிடைச்சுது, கரையில இருந்துதானுங்க பெரியவரே, சத்தியமா.

கோல்டன்ராட் உருண்டைதான் எனக்கு லாட்டரி. எங்க ஆபீஸ் பார்க்கிங் பின்னாடியே நூத்துக்கணக்குல இருக்கு, மதியம் சாப்பாட்டு நேரத்துல டிபன் பாக்ஸ் ஒரு கைல கேமரா ஒரு கைல போய் நிக்கறேன், கூட வேலை செய்யறவங்க என்னமோ ஆயிடுச்சு இவனுக்குனு பாக்கறாங்க. மரங்கொத்தி போட்ட ஓட்டை பென்சில் சீவுன மாதிரி துப்புரவா இருக்கு. ஓட்டை இல்லாத ஒண்ண வெயிலுக்கு எதிர்ல வச்சு எடுத்தேன், தண்டு மேல பனி ஒரு தொப்பி மாதிரி. உள்ள ஆள் இருக்கார்னு தெரிஞ்சு எடுக்கறப்போ கை தானா மெதுவா போகுதுங்க.

சிப்மங்க்தான் சொல்லணும். அந்த ஓட்டையக் கண்டுபிடிச்சுட்டேன், வேலிக்கல்லுக்குப் பக்கத்துல. போன செவ்வாய்க்கிழமை திடீர்னு பிளஸ் 7, பனியெல்லாம் உருகுது. நான் சமையல்கட்டுல சாம்பாருக்குத் தாளிச்சுட்டு இருக்கேன், கேமரா மாடில. ஜன்னல் வழியாப் பாத்தா அது வெளிய வந்து ஓட்டை வாசல்ல உக்காந்து மூஞ்சியக் கழுவுது, வெயிலப் பாக்குது, கொஞ்சம் மெலிஞ்சிருக்கு. நாப்பது செகண்ட் இருக்கும். அடுப்ப அணைக்கவா மாடிக்கு ஓடவானு யோசிச்சுட்டே நின்னுட்டேன், உள்ள போயிடுச்சு. கடுகு கருகினதுதான் மிச்சம். இப்போதைக்கு ஓட்டைய மட்டும் எடுத்து வச்சிருக்கேன், வாசல்ல நாலு கொட்டை ஓடு கிடக்கு.

ஸ்காபரோ பெரிசு | பிப்ரவரி 22, இரவு 9:05

தம்பி, ஜன்னலடியில ஒரு கதிரையைப் போட்டு கமராவை அதிலயே வையுங்கோ. மார்ச் வருகுது, ஆள் இனி அடிக்கடி வெளிக்கிடும். கண்ணாடியை உள்ளாலயும் வெளியாலயும் நல்லா துடைச்சுப்போட்டு, லென்ஸைக் கண்ணாடியோட ஒட்டி வைச்சு எடுத்தால் நிழல் விழாது. சாம்பாரை மனுசியிட்டக் குடுங்கோ, தனிக்கட்டை எண்டால் அண்டைக்கு ரின் மீன்.

பொள்ளாச்சிக்காரன் | பிப்ரவரி 22, இரவு 9:11

தனிக்கட்டைதானுங்க. ரின் மீன்னா என்னங்க?